நாய் வாய் வைத்த பாத்திரம்

 

நாமக்கல்லிலிருந்து இராசிபுரம் போகும் பாதையில், சற்று உள்ளடங்கிய ஒரு சிறிய மஹல்லாவில் நாம் மக்தப் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை மறைத்துவிட்டு இந்த மஸ்அலாவை எழுதுவது நேர்மையாகாது.

ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் தம் எட்டு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் படியருகே நின்றிருந்தார். பையனின் கெண்டைக்காலில் செம்மண் குழைத்து அப்பப்பட்டிருந்தது. மண்ணின் ஓரத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"ஹஜ்ரத், முற்றத்துத் தவலையிலே நாய் வாய் வச்சிட்டுது. இவன் துரத்தப் போனான், கடிச்சுப்புட்டுது. நீங்க சொன்ன மாதிரியே ஏழு தடவை தண்ணி ஊத்திட்டேன். மண்ணும் போட்டுட்டேன். கொஞ்சம் ஓதி ஊதிவிட்டாப் போதும்" என்றார்.

'நீங்க சொன்ன மாதிரியே' என்ற அந்தச் சொல் நம்மைச் சுட்டது. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் பெண்கள் பயானில் தஹாரத்துடைய பாடத்தை எடுத்து, நாய் வாய் வைத்தால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவவேண்டும் என்று விரிவாகப் பேசியிருந்தோம். ஹதீஸ் பாத்திரத்தைப் பற்றியது என்பதையும், கடிபட்ட காயம் முற்றிலும் வேறு விஷயம் என்பதையும் நாம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவேயில்லை. கேட்டவர் கேட்டதைக் கொண்டு தம் அறிவுக்கு எட்டியபடி அமல் செய்திருக்கிறார். குறை அவருடையதா, நம்முடையதா?

ஒரு பிரயாணத்தில் ஸஹாபிகளில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. இரவில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அந்தத் தோழர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதல்லவா என்றும் வருந்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் இந்த நிகழ்ச்சியை மதரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அன்று மாலைதான் அது நம்மைப் பற்றியது என்று விளங்கிற்று. மார்க்கத்தைச் சொல்பவன் பாதியைச் சொன்னால், மீதிப் பாதியில் ஓர் உயிர் போய்விடலாம்.

ஆகவே இப்போது முழுமையாகச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் சட்டம். நாய் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டால் ஏழு முறை கழுவவேண்டும் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் உறுதியான ஹதீஸ். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மண்ணைப் பற்றிய பேச்சு முஸ்லிமின் அறிவிப்புகளில் வருகிறது. இதை வைத்து ஷாபிஈ இமாம் அவர்கள் ஏழு முறை கழுவுவதையும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால் கழுவுவதையும் கட்டாயம் என்றார்கள். நாயின் ஈரம் உடம்பிலோ துணியிலோ பட்டாலும் அவர்களிடம் இதே சட்டம்தான். நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில், நாயின் வாய்நீர் நஜீஸ். மூன்று முறை கழுவினால் பாத்திரம் சுத்தமாகிவிடும். ஏழு முறை கழுவுவது மேலானது. இமாம் மாலிக் அவர்களோ நாயை நஜீஸ் என்றே சொல்லவில்லை. கழுவச் சொன்னது இறைவனுக்கு அடிபணியும் வணக்கம் என்றார்கள். வேட்டை நாய் கவ்விப் பிடித்ததைச் சாப்பிட அல்லாஹுத் தஆலா மாயிதா சூராவில் அனுமதித்திருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள். இமாம்களின் கருத்து வேற்றுமை நமக்கு ரஹ்மத். அதைக் கொண்டு சண்டையிட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு அடுத்தபடியாகத்தான் கிருமிப் பேச்சு வருகிறது. இக்காலத்தில் மேடை ஏறுகிற பலர் இந்த ஹதீஸை எடுத்தவுடன், நாயின் வாயில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன, மண்ணில் டெட்ராசைக்ளின் மருந்து இருக்கிறது, அது அந்தக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறது, இதை விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று முழங்குகிறார்கள். கேட்பவர்களும் தக்பீர் சொல்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவர்தாம்.

உண்மையில் உள்ளதைப் பார்ப்போம். நாயின் வாய் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களால் நிறைந்ததுதான். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு நாய்களின் வாயில் 353 வகை பாக்டீரியாக்களை இனம் கண்டது. அவற்றில் மனித வாயிலும் காணப்படுபவை சுமார் 16 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. நாயின் வாய் மனிதன் வாயைவிடச் சுத்தம் என்று நாகரிகம் பேசுவோர் சொல்வதும் இதனால் அடிபட்டுப்போகிறது. சுத்தமும் இல்லை, கூடுதல் அசுத்தம் என்றும் சொல்வதற்கில்லை. அது வேறொரு உலகம். அங்கே அமைதியாகக் குடியிருக்கும் உயிர், நம் சதைக்குள் நுழைந்தால் அந்நியன்.

அவற்றில் ஒன்றுக்குப் பாஸ்டுரெல்லா என்று பெயர். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு மேதையின் பெயரால் வழங்குவது. கடிபட்ட சில மணி நேரத்திலேயே காயம் சிவந்து வீங்கி வலி எடுத்தால் பெரும்பாலும் இதன் வேலை. இன்னொன்று கேப்னோசைட்டோஃபாகா கேனிமோர்சஸ். வாயில் நுழையாத இந்தப் பெயரின் பின்பாதிக்கு 'நாய்க்கடி' என்றே பொருள். 1976-இல் முதன்முதலாக ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டு, 1989-இல் பெயர் சூட்டப்பட்டது. நல்ல தேகநிலை உள்ளவர்களை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், மதுவுக்கு அடிமையாகி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அத்தகையவர்களுக்குச் சிறு கடியும் சிறு கடியல்ல.

சரி, இந்தக் கிருமிகளுக்காகத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ஏழு முறை கழுவச் சொன்னார்கள் என்று முடிவு கட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். பூனையை என்ன செய்வீர்கள்? 1999-இல் அமெரிக்காவில், கடிபட்டுச் சீழ்வைத்த காயங்களைச் சோதித்தபோது, நாய்க்கடியில் பாதிக் காயங்களில் பாஸ்டுரெல்லா இருந்தது. பூனைக்கடியில் நூற்றுக்கு 75 காயங்களில் இருந்தது. பூனையின் வாயே அதிகம் கிருமி கொண்டது என்றாகிறது. ஆனால் பூனை குடித்து மீந்த தண்ணீரை நஜீஸ் அல்ல என்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணியல்லவா என்று காரணமும் அருளினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள் என்றும் வருகிறது. ஹனபிகள் அந்த மீதத் தண்ணீரை மக்ரூஹ் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கிருமிக் கணக்கில் சட்டத்தைத் தொங்கவிட்டால் பூனையிடம் வந்து அறுந்துவிடுகிறது, பார்த்தீர்களா? மண் விஷயமும் அப்படித்தான். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1940-களின் பிற்பகுதியில் டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பது மெய். ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்து, சாற்றைச் சுத்திகரித்துத்தான் மருந்தாக்கினார்கள். கொல்லைப்புறத்து ஒரு பிடி மண் மருந்தாகிவிடாது. அதே மண்ணில்தான் டெட்டனஸ் என்னும் வில்வாத ஜன்னியின் வித்துக்களும் கிடக்கின்றன. அந்தத் தாய் மகனின் கெண்டைக்காலில் அப்பியது இந்த மண்ணைத்தான்! மண்ணை மருந்தென்று மேடையில் முழங்குகிறவர்கள் யோசிக்கவேண்டும். கேட்கிறவர் காயத்தில் அதைத் தடவமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நாம் பாத்திரத்தைக் கழுவுவது நாயகம் (ஸல்) அவர்கள் கழுவச் சொன்னார்கள் என்பதற்காக. அதில் தேக நன்மை இருந்தால் அல்ஹம்துலில்லாஹ், அது கூடுதல். நாளைக்கு ஒரு விஞ்ஞானி வந்து நாயின் எச்சில் பாத்திரத்துக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை என்று நிரூபித்தாலும் நாம் கழுவுவோம். தொழுகைக்காக ஒளுச் செய்கிறவன் கையில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டா செய்கிறான்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஷரீஅத்தின் தஹாரத் கிடைத்துவிட்டதால் நோயின் ஆபத்து நீங்கிவிட்டது என்று ஆகாது. பாத்திரத்துக்குச் சொன்ன ஏழும், மூன்றும் கடிக்கு மருந்தல்ல. கடிக்கு மருந்தைத் தேடச் சொன்னதும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம். நாங்கள் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாமல் அல்லாஹ் நோயைப் படைக்கவில்லை, முதுமையைத் தவிர என்று சொன்னார்கள்.

நாய்க்கடியில் எல்லாவற்றிலும் கொடியது பாக்டீரியாவே அல்ல. அதைவிட மிகச் சிறியதாகிய வைரஸ் என்னும் கிருமி. வெறிநாயின் எச்சிலில் இருந்து, கடிபட்ட இடத்தின் நரம்பு வழியே மெல்ல மெல்ல ஏறி மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் வரும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் அந்த நிலை வந்துவிட்டால் பிறகு மருத்துவத்தில் வழியில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் மடிகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். காயம் ஆறிவிட்டது, மந்திரித்த தண்ணீர் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருப்பது இந்த இடைவெளியில்தான்.

நம் பெரியவர்கள் இதற்காகக் குன்னூர் மலைக்குப் போனார்கள். 1907-இல் அங்கே தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம்தான் தென்னாட்டுக்கு நாய்க்கடி மருந்தைத் தந்தது. 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்ட ஊசியின் வழித்தோன்றல் அது. ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி வரை போடுவார்கள். அந்தப் பயம் இன்றும் நம் வீடுகளில் தங்கியிருக்கிறது. ஊசிக்குப் பயந்தே கடியை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. தாய்மார்களே, அந்த ஊசி இந்தியாவில் 2004 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையின் தோலில் சிறிய ஊசியாக, கடிபட்ட முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று போடுகிறார்கள். பணம் இல்லை. ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது ஒன்றுதான். குழாயடியில் காலை நீட்டி, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் முழுதாகக் கழுவுங்கள். மேலோட்டமாக ஏழு செம்பு ஊற்றினால் போதாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மண் எதையும் வைக்காதீர்கள். ஷாபிஈ சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் பட்ட நாயின் ஈரத்தை மண்ணிட்டுக் கழுவவேண்டும் என்பது உங்கள் சட்டம்தான். ஆனால் திறந்த காயத்துக்கு மண் தீங்கு என்று மருத்துவர் சொல்லும்போது அதை ஆறும்வரை ஒத்திவைக்க இடமுண்டு. நோயாளிக்குத் தண்ணீரிலிருந்தே விலக்களித்த மார்க்கமல்லவா இது? அந்நாட்களின் தொழுகை விவரத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் பார்க்கலாம் என்று ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டே பாருங்கள். கடிக்காமல் நக்கினாலும், நக்கிய இடத்தில் சிராய்ப்பு இருந்தால், அல்லது வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டால் அதுவும் கடிக்குச் சமம்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அன்று அந்தப் பையனுக்கும் ஓதி ஊதினோம். ஆனால் முதலில் பள்ளிவாசல் ஹவுளருகே இருந்த குழாயில் மண்ணைக் கழுவி, முஅத்தின் சாஹிபின் வீட்டிலிருந்து சோப்பு வாங்கிவந்து பதினைந்து நிமிடம் தேய்த்தோம். பையன் அலறினான். பிறகு அவனுடைய அத்தாவின் வண்டியில் நாமக்கல் மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் ஓதினோம். அங்கே டெட்டனஸ் ஊசியும் சேர்த்துப் போட்டார்கள், சீழ்பிடிக்காதிருக்க மாத்திரை கொடுத்தார்கள், தையல் போடாமல் விட்டார்கள். அந்த நாயை அதன்பின் ஊரில் யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இது நம் கசாப்புக் கடைக்காரர்களுக்கும், குர்பானி கொடுக்கும் வீட்டாருக்கும். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். அறுக்கிறவர் அதை வெட்டி, கடைவாசலில் காத்திருக்கும் நாய்க்கு எறிவார். பார்ப்பதற்குப் புண்ணியம் போலிருக்கிறது. அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சு. நாயின் குடலில் போய் அது அரிசிமணி அளவுகூட இராத புழுவாக வளர்ந்து முட்டையிடுகிறது. நாய் தன்னைத்தானே நக்கும்போது முட்டை அதன் வாயிலும் ரோமத்திலும் ஒட்டுகிறது. கழிவோடு விழுந்து புல்லிலும் நீரிலும் கலக்கிறது. ஆடு மேய்கிறது, பிள்ளை நாயைத் தடவிவிட்டுக் கையைக் கழுவாமல் சோறு உண்கிறது. அதே நீர்க்கட்டி மனிதனின் ஈரலில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடுகிறது. நாயின் வாயைக் குறைசொல்லும் நாம்தாம் அந்த வாயில் நோயை ஊட்டுகிறோம்.

கழிவைத் தெருவில் கொட்டினால் நாய்கள் கூட்டமாகச் சேரும். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில், செத்த கோழியைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் எறிகிறவர்களால் இது இன்னும் அதிகம். ஒருவர் எறிகிறார், இன்னொருவர் பிள்ளை கடிபடுகிறது. குர்பானிக் கழிவை ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதும் குர்பானியின் ஒழுக்கம்தான் என்று ஹஜ்ஜுப் பெருநாள் குத்பாக்களில் ஏன் நாம் சொல்வதில்லை?

இவ்வளவு சொன்னதால் நாயைக் கண்ட இடத்தில் கல்லால் அடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் புகாரியில் உள்ளதுதான். எச்சில் நஜீஸ் என்பது வேறு, உயிர் கேவலம் என்பது வேறு. தோட்டக் காவலுக்கும் கால்நடைக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. அப்படி வைத்திருப்பவர் அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடமை. இடம் தேடி அலையவேண்டியதில்லை. நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்தப் பையனுக்கு 28-ஆம் நாள் ஊசியும் போட்டு முடிந்த மறுநாள், அவன் தாய் மீண்டும் வந்தார். "ஹஜ்ரத், அன்னிக்கு நாய் வாய் வச்ச தவலையை எடுத்துப் பரண்மேலே கவுத்துட்டேன். இன்னும் புழங்கலை. அதை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நம் மத்ஹபில் மூன்று முறை கழுவினால் போதும் அம்மா, ஏழு முறை கழுவினால் மேலானது, மண்ணை இதற்குத் தாராளமாகப் போடலாம் என்றோம். அவர் ஏழு முறையே கழுவினார். மண் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவன் அந்தப் பையன்.